கறவை மாட்டின் ஆறு வாரங்கள்

நன்கு வளர்ந்த ஒரு கறவை மாட்டின் ரத்தத் தெளிநீர் முழுவதிலும் ஏறக்குறைய 3 கிராம் கால்சியம்தான் இருக்கும். கன்று ஈன்ற அன்று அந்த மாடு 10 லிட்டர் சீம்பால் சுரந்தால், அதோடு வெளியேறும் கால்சியம் 20 கிராமுக்கு மேல். ரத்தத்தில் இருப்பதைப்போல ஏழு மடங்கை ஒரே நாளில் கொடுத்துவிட்டு, அந்த மாடு எழுந்து நின்று கன்றை நக்கிக்கொடுக்கிறது. பெரும்பாலான மாடுகள் இதைச் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுவதால், எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது என்பது நம் கண்ணில் படுவதில்லை.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரமும் பிந்தைய மூன்று வாரமும்தான் ஒரு கறவை மாட்டின் வாழ்க்கையிலேயே கடினமான காலம். பால் காய்ச்சல், நஞ்சுக்கொடி தங்கிப்போவது, கருப்பை அழற்சி, கீட்டோசிஸ், மடிநோய் என்று மாடு வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய்களில் பலவும் இந்த ஆறு வாரத்தில்தான் வந்து குவிகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டிராக்லி, 1999-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, கறவை மாட்டு அறிவியலின் கடைசி எல்லை இந்தக் காலம்தானோ என்று கேட்டார். வெவ்வேறு உறுப்புகளைத் தாக்கும் இத்தனை நோய்கள் ஏன் ஒரே நேரத்தில் வருகின்றன? பால் சுரப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விகளுக்கான விடையைத் தேடிப் போனால், ஒரு பசுவின் உடம்பு தன் கன்றுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது என்பது தெரியவரும்.

எழுந்திருக்காத மாடு

முதலில் கால்சியம். மூன்றாம் ஈற்று, நான்காம் ஈற்றில் இருக்கும் நல்ல கறவை மாடு, கன்று ஈன்ற ஓரிரு நாளில் திடீரென்று தள்ளாடும், பிறகு உட்கார்ந்துவிடும். தொட்டுப் பார்த்தால் காது சில்லிட்டிருக்கும். உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைந்திருக்கும். மூக்கு முனை காய்ந்து போயிருக்கும். கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொள்ளும். அசை போடாது, சாணி போடாது. தசை சுருங்கி விரியக் கால்சியம் வேண்டும். ரத்தத்தில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டதால் கால், வயிறு, குடல் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. இதுதான் பால் காய்ச்சல்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த நோய் கண்ட மாடுகளில் பாதிக்கு மேல் இறந்துகொண்டிருந்தன. டென்மார்க்கின் கோல்டிங் நகரக் கால்நடை மருத்துவர் யூர்கன்ஸ் ஸ்மிட், மடிக்குள் ஏதோ நஞ்சு உருவாவதாக நினைத்தார். அதை முறிக்க 1897-ல் பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் காம்பு வழியாக மடிக்குள் செலுத்தினார். மாடுகள் பிழைத்தன! சில ஆண்டுகளில், மருந்தே வேண்டாம், மடியில் வெறும் காற்றை நிரப்பிக் காம்பைக் கட்டிவிட்டாலே போதும் என்று தெரிந்தது. காற்றின் அழுத்தத்தால் பால் சுரப்பு நின்றது. மடிக்குப் போய்க்கொண்டிருந்த கால்சியம் ரத்தத்திலேயே தங்கியது. ஆனால் இந்தக் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. 1925-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டிரையர், கிரெய்க் இருவரும் கால்சியக் குறைவே காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். அதே ஆண்டில் நோயுற்ற மாடுகளின் ரத்தத்தை அளந்து பார்த்தவர்கள், கால்சியம் உண்மையிலேயே சரிந்திருப்பதைக் கண்டார்கள்.

இன்று மருத்துவர் வந்து கழுத்துச் சிரையில் கால்சியம் மருந்தை ஏற்றுகிறார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால், நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைக் கேட்டபடி மெதுவாக ஏற்ற வேண்டும். பாட்டில் இறங்க இறங்கத் தசைகளில் ஒரு நடுக்கம் ஓடும். மாடு ஏப்பம் விடும், சாணி போடும். காய்ந்திருந்த மூக்கில் வியர்வை முத்துமுத்தாக அரும்பும். சாகக் கிடந்த மாடு சற்று நேரத்தில் காலை ஊன்றி எழுந்துவிடும். கால்நடை மருத்துவத்தில் இவ்வளவு விரைவாகப் பலன் தரும் சிகிச்சைகள் குறைவு.

எலும்புக்குள் கிலோக் கணக்கில் கால்சியம் இருக்க, ரத்தத்தில் ஏன் பஞ்சம்? எலும்பிலிருந்து கால்சியத்தை வெளியே எடுக்கவும், குடலில் கூடுதலாக உறிஞ்சவும் கட்டளை இடுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. பால் வற்றிய காலத்தில் அதற்கு வேலை குறைவு. தேவை திடீரென்று பல மடங்காகும்போது, அந்தக் கட்டளை முழுப் பலன் தர ஓரிரு நாள் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் மாடு விழுகிறது. இதில் எதிர்பாராத ஒன்றையும் அறிவியல் கண்டது. சினைக் காலக் கடைசியில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் நோய் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. குறைவாகக் கொடுத்தால் சுரப்பி முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் போடா, கோல் என்ற இருவர் 1954-லேயே இதைக் காட்டினார்கள். பொட்டாசியம் மிகுந்த பசுந்தீவனம் ரத்தத்தைக் காரப் பக்கம் சாய்த்து, சுரப்பியின் கட்டளை எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் எட்டாமல் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஜெர்சி இனத்துக்குப் பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்ற இனங்களைவிட அதிகம். தமிழ்நாட்டின் கலப்பினக் கறவை மாடுகளில் ஜெர்சி ரத்தம் மிகுதி என்பதால், இந்தப் பாடம் நமக்கு நேரடியாகப் பொருந்தும்.

மடிக்கு மட்டும் திறந்த மடை

அடுத்தது சர்க்கரை. நாம் சோறு உண்டால் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. மாட்டுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. வைக்கோல், புல், தவிடு எதைத் தின்றாலும், முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. குளுக்கோஸாகவே குடலைச் சென்றடைவது சொற்பம். தனக்கு வேண்டிய குளுக்கோஸை மாடு தன் கல்லீரலில், பெரும்பாலும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து, தானே செய்துகொள்ள வேண்டும்.

பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ் இந்தக் குளுக்கோஸிலிருந்துதான் வருகிறது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 72 கிராம் குளுக்கோஸ் செலவாகும். 15 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவின் மடிக்கு நாளொன்றுக்கு 1 கிலோவுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். 40 லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் பசுவுக்கு ஏறக்குறைய 3 கிலோ. பாலுக்குள் தண்ணீரை இழுப்பது லாக்டோஸ்தான் என்பதால், குளுக்கோஸ் குறைந்தால் பாலின் அளவே குறைந்துவிடும்.

தேவை இப்படி ஏறும் நேரத்தில்தான் மாட்டுக்குப் பசி மந்தப்படுகிறது. ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் மாடு தின்னும் தீனி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையலாம். ஈன்ற பிறகு பால் நாலிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. தீனி எடுப்பது உச்சத்தைத் தொடப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் தீனி தருவதைவிட அதிகமான சத்து பாலில் போய்க்கொண்டே இருக்கிறது.

இந்தப் பற்றாக்குறையை உடம்பு சமாளிக்கும் விதத்தை 1980-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேல் பாமனும் புரூஸ் கர்ரியும் விளக்கினார்கள். ஈன்ற பசுவின் ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. தசையும் கொழுப்பும் இருக்கிற இன்சுலினையும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அவற்றுக்குள் குளுக்கோஸ் நுழைவது குறைகிறது. மடியோ இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்த நாளில் மற்ற வாய்க்கால்களை அடைத்துவிட்டு ஒரே ஒரு வயலுக்கு மடை திறப்பதுபோல, உடம்பு முழுவதும் கூடி மடிக்குச் சர்க்கரையை அனுப்புகிறது. இது நோயல்ல. பட்டினி கிடந்தாவது கன்றைக் காப்பாற்றுவதற்காகப் பாலூட்டிகளுக்கு வாய்த்த ஏற்பாடு.

அப்போது மற்ற உறுப்புகளுக்கு எரிபொருள் ஏது? சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்து கொழுப்பமிலங்களாக ரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரல் அவற்றை வாங்கி எரிக்கிறது. வரத்து மிகுந்தால் எரித்து முடிக்க முடியாமல் கீட்டோன்களாக மாற்றி வெளியே அனுப்புகிறது. அதுவும் போதாவிட்டால் கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. அசைபோடும் விலங்குகளின் கல்லீரலுக்குக் கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியேற்றும் திறன் குறைவு. ரத்தத்தில் கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் மாடு கண்ணுக்குத் தெரியாத கீட்டோசிஸில் இருப்பதாகக் கொள்கிறார்கள். முற்றிப்போனால் மூச்சிலேயே அசிட்டோனின் இனிப்பு வாடை அடிக்கும். மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கொறிக்கும்.

தளரும் காவல்

இதே நாட்களில் நோய் எதிர்ப்பும் தளர்கிறது. வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை உண்டு. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போவது அதுதான். ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டி உருண்டு, சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறி, கிருமியை விழுங்கி, உள்ளே நச்சு வேதிப்பொருள்களைப் பீய்ச்சிக் கொல்கிறது. ஈனும் நேரத்தில் தாயின் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் எகிறுகிறது. அதன் விளைவாக நியூட்ரோபில் தன் மேற்பரப்பில் உள்ள, குழாய்ச் சுவரைப் பற்றும் மூலக்கூறுகளை இழந்துவிடுகிறது. ரத்தத்தில் படை இருந்தும் மடிக்குள் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்தவற்றுக்கும் கொல்லும் திறன் குறைந்திருக்கிறது. ஈகோலை போன்ற கிருமி அந்த நேரத்தில் காம்பு வழியே நுழைந்தால், தடுக்க ஆளில்லாமல் பெருகி மடியைக் கெடுத்துவிடும்.

நஞ்சுக்கொடி விழுவதும் இந்த வெள்ளணுக்களின் வேலையோடு தொடர்புடையது. நஞ்சுக்கொடி கன்றின் உடம்பைச் சேர்ந்தது, தாய்க்கு அந்நியமானது. ஈன்றதும் தாயின் நோய் எதிர்ப்பு அதை அந்நியமென்று இனம்கண்டு, கருப்பையோடு பிணைந்திருக்கும் முடிச்சுகளைத் தளர்த்த உதவுகிறது. 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. எந்த மாடுகளுக்குப் பின்னர் நஞ்சுக்கொடி தங்கிப்போனதோ, அவற்றின் நியூட்ரோபில்கள் ஈனுவதற்கு முன்பே சோர்ந்திருந்தன. தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவதும், கையை விட்டு இழுப்பதும் பிரச்சினையைத் தீர்க்காதது இதனால்தான். கருப்பை கிழிந்து கிருமி புகத்தான் அவை வழி செய்யும்.

தாய் தன் காவலில் ஒரு பகுதியைக் கன்றுக்கும் எடுத்துக்கொடுக்கிறது. மனிதத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே குழந்தைக்குச் சென்றுவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. கன்று எதிர்ப்புப் புரதம் ஏதும் இல்லாமலே பிறக்கிறது. அதற்காக ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மடி, தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களை இழுத்துச் சீம்பாலில் சேர்க்கிறது. தாயின் ரத்தத்தில் அவற்றின் அளவு இறங்குகிறது. கன்றின் குடலோ பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடும் கதவை மூடிவிடும். நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று சில ஊர்களில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் கன்று இழப்பதைப் பிறகு எந்த ஊசியாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

மடி இல்லாத பசுக்கள்

எதிர்ப்புத் தளர்வது ஈனுவதாலா, பால் சுரப்பதாலா? இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரில் உள்ள தேசிய விலங்கு நோய் மையத்தின் ஆய்வாளர்கள் ஒரு கடுமையான வழியைத் தேர்ந்தார்கள். சில ஜெர்சிப் பசுக்களின் மடியை அறுவை சிகிச்சையால் முன்கூட்டியே நீக்கினார்கள். அவையும், மடி உள்ள பசுக்களும் கன்று ஈன்றன. 1999 முதல் முடிவுகள் வெளிவந்தன.

மடி இல்லாத பசுக்களின் ரத்தத்தில் கால்சியம் சரியவில்லை. பால் காய்ச்சல் வரவில்லை. கொழுப்பமிலங்கள் ஈனும்போது ஏறி விரைவில் இறங்கிவிட்டன. நியூட்ரோபில்களின் கொல்லும் திறனுக்கு அடையாளமான ஒரு நொதி, ஈனுவதற்கு முன் இரு கூட்டத்திலும் குறைந்தது. மடி இல்லாதவற்றில் அது சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பியது; பால் சுரந்தவற்றில் வாரக்கணக்கில் குறைந்தே இருந்தது. காவலைத் தளர்த்துவது பிரசவம். தளர்ந்தது நிமிர முடியாமல் பிடித்துவைப்பது பால் சுரப்பு.

நோயோடு போராடுவதற்கு எவ்வளவு செலவாகும்? அதே ஏம்ஸ் நகரில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லான்ஸ் பாம்கார்டின் குழு 2017-ல் அதை அளந்து காட்டியது. கறவையில் இருந்த ஹோல்ஸ்டீன் பசுக்களுக்குப் பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த நச்சை ஊசியாக ஏற்றினார்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்க இறங்க, வெளியிலிருந்து அதை ஏற்றி ஒரே அளவில் நிறுத்தினார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் 12 மணி நேரத்தில் 1 கிலோவுக்கு மேல் குளுக்கோஸை விழுங்கியிருந்தது. மேலே சொன்ன கணக்கில் அது ஏறக்குறைய 15 லிட்டர் பாலுக்கான சர்க்கரை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் பால் இறங்குவது ஏன் என்பது இதிலிருந்து புரிகிறது.

எது முதலில்?

நெடுங்காலம் பாடநூல்கள் சொன்ன வரிசை இது: தீனி போதாது, கொழுப்பு கரைகிறது, கீட்டோனும் கால்சியக் குறைவும் சேர்ந்து வெள்ளணுக்களை முடக்குகின்றன, பிறகு நோய் வருகிறது. பாம்கார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-ல் இந்த வரிசையையே திருப்பிப் போட்டார்கள். கருப்பையிலோ குடலிலோ மடியிலோ அழற்சிதான் முதலில் தொடங்குகிறது. அதனால் பசி குறைகிறது, கால்சியம் இறங்குகிறது, கீட்டோன் ஏறுகிறது. அழற்சி இல்லாத மாட்டுக்குச் சற்றே ஏறிய கீட்டோனும் தற்காலிகமாக இறங்கிய கால்சியமும் நல்ல கறவையின் இயல்பான அடையாளங்களே என்பது அவர்கள் வாதம். பாக்டீரிய நச்சை ஏற்றினாலே ரத்தக் கால்சியம் இறங்குவது இதற்கு ஒரு சான்று. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. ஈன்ற முதல் வாரம் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுத்தபோது, மூன்றாம் ஈற்றும் அதற்கு மேலும் ஆன பசுக்கள் அந்தக் கறவைக் காலம் முழுவதும் கூடுதலாகப் பால் தந்தன.

விவாதம் முடியவில்லை. என் கருத்தில், இரண்டு வரிசைகளும் ஒரே வட்டத்தின் இரு பாதிகள். எந்தப் பக்கம் தொடங்கினாலும் வட்டம் சுழன்றுவிடுகிறது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. ஈன்ற பிறகு தெரியும் நோய்க்கு வித்து, ஈனுவதற்கு முன்பே விழுந்துவிடுகிறது.

தொழுவத்தில் செய்ய வேண்டியது

ஆகவே கவனிப்பு தொடங்க வேண்டியது பால் வற்றிய காலத்தில். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். அந்த நேரத்தில் மாடு இளைக்கவும் கூடாது, கொழுக்கவும் கூடாது. கொழுத்த மாடு ஈன்ற பிறகு இன்னும் குறைவாகத் தின்று, இன்னும் வேகமாகக் கொழுப்பைக் கரைக்கும். கடைசி மூன்று வாரத்தில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வயிற்று நுண்ணுயிர்களைப் புதிய தீனிக்குப் பழக்க வேண்டும். கால்சியம் டானிக்கை அந்த வாரங்களில் ஊற்றாமல், மருத்துவரிடம் கேட்டு ஈன்ற பிறகு கொடுக்க வேண்டும். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் மடிநோயைக் குறைப்பதை ஓஹையோவில் 1984-லேயே கண்டிருக்கிறார்கள். அவை கிடைக்கும்படி தீனியும் தாது உப்பும் அமைய வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. ஃபுளோரிடாவில் ஜெஃப்ரி டால் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், வற்றிய காலத்தில் விசிறியும் நீர்த்தெளிப்பும் பெற்ற பசுக்கள் அடுத்த கறவையில் நாளுக்குச் சில லிட்டர் கூடுதலாகத் தந்தன. வெயிலில் வாடிய தாய்க்குப் பிறந்த கிடேரிகளும் வளர்ந்த பிறகு குறைவாகவே கறந்தன. சித்திரை, வைகாசியில் சினை மாட்டை வெட்டவெளியில் கட்டுவதன் நட்டம் அடுத்த தலைமுறை வரை நீள்கிறது.

ஈன்ற அன்று, பால் காய்ச்சல் கண்ட பழக்கமுள்ள மாடாக இருந்தால் மடியை ஒட்டக் கறக்காமல் கன்றுக்கு வேண்டியதை மட்டும் கறக்கலாம். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்கு மேலும் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். படுக்கை காய்ந்திருக்க வேண்டும். கறந்த பிறகு தீவனம் போட்டு மாட்டைச் சற்று நேரம் நிற்கவைத்தால், காம்பின் துளை மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். முதல் மூன்று வாரம், காலையில் தொழுவத்துக்குள் போனதும் தீவனத் தொட்டியைப் பாருங்கள், காதைத் தொடுங்கள், மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். தீனியில் மிச்சம் விழுவது நோயின் முதல் அறிவிப்பு.

பால் தராத மாட்டுக்கு எதற்குத் தீனி என்று பால் வற்றியதும் பலர் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் அடுத்த பத்து மாதப் பாலும், கன்றின் உயிரும், மாட்டின் அடுத்த சினையும் முடிவாகின்றன. கறக்கும் மாட்டுக்கு ஒரு கூடை தீனி வைக்கிறவர்கள், கறக்காத சினை மாட்டுக்கும் நிழலும் தண்ணீரும் அளவான தீனியும் தவறாமல் கொடுங்கள்.